வீட்டை விற்கும் முன் கட்டட ஆய்வு கட்டாயமானால்? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நம் பக்கத்தில் வீடு வாங்குகிறவர்கள் முப்பது வருட வில்லங்கம் பார்க்கிறார்கள், மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், வாசற்படி எந்தத் திசை என்று ஜோசியரைக் கேட்கிறார்கள். சுவரும் கூரையும் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லி ஒரு ஆளை அழைப்பவர்கள் குறைவு. பழைய வீட்டை விற்க வேண்டுமானால் தகுதியுள்ள பொறியாளரின் ஆய்வறிக்கை இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வரவேண்டும் என்பது என் நிலைப்பாடு. நான் இந்த இரண்டு மாவட்டங்களிலும் வீடுகளைப் பார்த்து மதிப்புப் போடும் சிவில் பொறியாளர். அப்படிச் சட்டம் வந்தால் எனக்கு வேலை கூடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கட்டாய ஆய்வு என்றால் சரியாக என்ன? பாஸ், ஃபெயில் போடுவீர்களா?

இல்லை. விற்பவர் வீட்டை விலை சொல்லும்போதே கையில் ஓர் அறிக்கை வைத்திருக்க வேண்டும். கூரை, சுவர், அஸ்திவாரம், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது, எதை உடனே சரிசெய்ய வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் படத்தோடு எழுதியிருக்கும். கிரயப் பத்திரத்தோடு அது இணைக்கப்படும். அறிக்கை இல்லாவிட்டால் பதிவு இல்லை. ஆனால் அறிக்கையில் குறை எழுதியிருக்கிறது என்பதற்காகப் பதிவை நிறுத்தக் கூடாது. ஒழுகுகிற வீட்டை ஒழுகுகிற வீடு என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான்: உயிருக்கு ஆபத்தான குறை. பெயர்ந்து தொங்கும் பால்கனி, ஈரச் சுவரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும் வயரிங் போன்றவை. கைமாறட்டும், ஆனால் சரிசெய்யாமல் யாரும் குடியேறக் கூடாது என்று நிபந்தனை வைக்கலாம்.

பத்திரம் போட்டால் பதிவுத் துறையிலிருந்து வந்து வீட்டைப் பார்க்கிறார்களே, அது போதாதா?

அது களப்பணி. கட்டடத்துக்கு நீங்கள் காட்டிய மதிப்பு சரிதானா, அரசுக்கு வரவேண்டிய முத்திரைத் தீர்வை குறைகிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. எத்தனை சதுர அடி, ஓடா தளமா, மொசைக்கா கிரானைட்டா, எந்த வருடம் கட்டியது என்று குறித்துக்கொள்வார்கள். கிரானைட் போட்ட தரைக்கு மதிப்பு கூடும். அந்தத் தரைக்கு மேலே தளத்தில் கம்பி துருப்பிடித்திருந்தால் அது அவர்களுடைய படிவத்தில் எங்குமே வராது. அவர்கள் மேல் தவறில்லை, அதைப் பார்க்க அவர்களை அனுப்பவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. வீடே இருக்கும் இடத்தைக் காலி மனை என்று காட்டிப் பத்திரம் போடுவது. தீர்வை மிச்சம் என்று வாங்குபவரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார். பத்திரத்தில் கட்டடமே இல்லாதபோது நாளைக்குக் கட்டடத்தில் குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இதைத் தடுக்கத்தான் காலி மனைக்கு இடக்குறியீட்டோடு புகைப்படம் இணைக்கும் நடைமுறை வந்தது.

லோன் கொடுக்கும் வங்கி என்ஜினியரை அனுப்புகிறதே?

அனுப்புகிறது, என்னையும்தான் அனுப்புகிறது. அது வங்கிக்காக. கடன் வாங்கியவர் தவணை கட்டாவிட்டால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்க முடியும் என்பதே கேள்வி. ஓசூர் பக்கம் மனை விலை இருக்கிற இருப்பில், கட்டடம் என்ன நிலையில் இருந்தாலும் நிலமே கடனை மூடிவிடும். அதனால் வங்கி நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் படுத்துத் தூங்கப்போவது வங்கி இல்லையே. மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக்கூடப் பல வாங்குபவர்கள் கண்ணால் பார்ப்பதில்லை. கட்டணம் கட்டுவது மட்டும் அவர்கள்.

குறையை மறைத்து விற்றால் கேட்க இப்போது சட்டமே இல்லையா?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55. சொத்தில் முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது.

அப்புறம் ஏன் யாரும் வழக்குப் போடுவதில்லை? விற்பவருக்கு முன்பே தெரியும் என்று நிரூபிப்பது கஷ்டம். “எனக்கே தெரியாதுங்க, என் காலத்துல ஒழுகவே இல்லை” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. போதாததற்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் இந்தக் கடமை பொருந்தாது. “வாங்குபவர் சொத்தை நேரில் பார்வையிட்டு முழுத் திருப்தி அடைந்து” என்று பத்திர எழுத்தர் பழக்கதோஷத்தில் எழுதுகிற வரி இருக்கிறதே, அது எதிராளி வக்கீலுக்கு நீங்களே எடுத்துக்கொடுக்கும் ஆயுதம்.

கட்டாய அறிக்கை வந்தால் ‘தெரியாது’ என்ற வார்த்தைக்கு இடமில்லாமல் போகும். என்னைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் வேண்டும் என்பதற்கு முதல் காரணமே இதுதான்.

கட்டும்போதே அனுமதி, பிளான் எல்லாம் வாங்கித்தானே கட்டுகிறார்கள்?

பிளான் அனுமதி என்பது எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், எவ்வளவு உயரம் என்பது பற்றியது. கலவையில் எவ்வளவு சிமெண்ட் விழுந்தது என்று பிளானில் தெரியாது. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான், அலைச்சல் மிச்சம். ஆனால் யாரும் வந்து பார்ப்பதில்லை. சிறிய தனி வீடுகளுக்குக் கட்டுமான நிறைவுச் சான்றிதழிலிருந்தும் விலக்கு உண்டு. ஆக, நம் ஊரில் ஒரு சாதாரண வீடு கட்டும்போதும் எவரும் பார்ப்பதில்லை, குடிபோகும்போதும் எவரும் பார்ப்பதில்லை. அரசாங்கத்தின் கை அந்த வீட்டின் மேல் படும் ஒரே சமயம் பத்திரப்பதிவு. அந்த இடத்தில்தான் கேட்க முடியும்.

பதிவு அலுவலகத்தில் புதிதாக ஒரு காகிதம் கேட்பது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு: 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது நினைவிருக்கும். அப்போது தருமபுரியிலும் ஓசூரிலும் ரியல் எஸ்டேட்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பிறகு வரன்முறை விதிகள் வந்தன, எல்லோரும் பழகிக்கொண்டார்கள். இன்றைக்கு ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்றது) என்று போடாத மனை விளம்பரமே கிடையாது.

வேறு நாடுகளில் இது உண்டா? அங்கே வேலை செய்கிறதா?

சில இடங்களில் நன்றாக, சில இடங்களில் சொதப்பல்.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல் வீடு விற்பவர் அறிக்கை தயார் செய்த பிறகுதான் சந்தைக்கே வர முடியும். கட்டட ஆய்வு, எரிசக்தி அறிக்கை, விற்பவர் பதில் எழுதும் கேள்வித்தாள் என மூன்று பகுதி. சந்தைக்கு வரும்போது அது 12 வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இன்றுவரை நடக்கிறது. பக்கத்திலேயே இங்கிலாந்து இதே மாதிரி ஒரு கட்டைத் தயார் செய்யச் சொன்னது. ஆனால் அதில் முக்கியமாக இருக்க வேண்டிய கட்டட நிலை அறிக்கையை, திட்டம் தொடங்கும் முன்பே 2006இல் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த காகிதக் கட்டு 2007இல் வந்து, 2010 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. எலும்பை எடுத்துவிட்டு உடம்பை நிற்கச் சொன்னால் நிற்காது.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் விற்பவர் கட்டட அறிக்கையும் கரையான் போன்ற பூச்சி அறிக்கையும் எடுத்து வைக்க வேண்டும். கடைசியில் வாங்குகிறவர் அந்தச் செலவைத் திருப்பிக் கொடுக்கிறார். டென்மார்க்கில் 1996 முதல் இருக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கட்டாயப்படுத்தவில்லை. விற்பவர் கட்டட அறிக்கையும் மின்சார அறிக்கையும் கொடுத்து, காப்பீட்டுக்கும் வழிசெய்து பாதிப் பிரீமியத்தை ஏற்றுக்கொண்டால், பிற்பாடு கிளம்பும் குறைகளுக்கு அவர் பொறுப்பாளி அல்ல. கொடுக்காவிட்டால் பத்து வருடம் வரை வழக்கு துரத்தலாம். விற்பவரே ஓடிப்போய் அறிக்கை எடுக்கிறார். பிரான்சில் கரையான், ஈயச் சாயம், ஆஸ்பெஸ்டாஸ், பழைய வயரிங் என்று தனித்தனியாகச் சோதனை உண்டு.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சில புறநகர்கள் ஒரு படி மேலே போகின்றன. ஆய்வில் வந்த குறைகளைச் சரிசெய்ய வேண்டும், அல்லது அதற்கான பணத்தைத் தனிக்கணக்கில் கட்டிவைத்துவிட்டு விற்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் காசில்லாமல், மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வீட்டை விற்கிறவரிடம் முதலில் இரண்டு லட்சத்துக்கு ரிப்பேர் செய் என்றால் அவர் எங்கே போவார்? நமக்கு அந்த வழி வேண்டாம்.

நம் பக்கத்து வீடுகளில் எதைப் பார்க்க வேண்டும்?

இது கொஞ்சம் நீளும்.

முதலில் தளம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போட்ட தளங்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் பலகை மேலேயே கிடத்தி ஊற்றிய மேஸ்திரிகள் ஏராளம். பாலக்கோடு பக்கம் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். புதுப் பெயிண்ட் வாசனை போகவில்லை, விட்டம் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே வந்தேன். ஹாலில் எல்லாம் ‘கிண் கிண்’ என்றது. சமையலறைப் பக்கம் வந்ததும் ‘பொத்’ என்றது. பேனாக்கத்தியை வைத்து லேசாக நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு கழன்று விழுந்தது. உள்ளே கம்பி, பாதி கனத்துக்குத் துரு உதிர்ந்து, அடுக்கடுக்காக வெங்காயத்தோல் மாதிரி உரிந்தது. மேலே மொட்டைமாடியில் சரியாக அதே இடத்தில் தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. தரகருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது கட்டும்போது பயன்படுத்திய தண்ணீர். ஆயிரம் அடி போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டு, கான்கிரீட் இறுக நனைத்து வைக்கும் கியூரிங்கையும் அதிலேயே செய்துவிடுகிறார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணய விதி. தாண்டினால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாக உப்பு பூத்துப் பெயிண்ட் உரிந்தால், ஓதமா (தரையிலிருந்து ஏறும் ஈரமா), கலவையிலேயே உப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டில் தலைமாட்டைத் தள்ளி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மறைத்திருப்பார்கள்.

ஓசூர், சூளகிரி பக்கம் பெங்களூர் பாணியில் சாலிட் பிளாக் கட்டு அதிகம். நல்ல பொருள்தான், சரியாகச் செய்தால். தடுப்புச் சுவருக்கான நாலு அங்குல பிளாக்கை வைத்துத் தளத்தையே அதன் மேல் தாங்கச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், அதில் ஏ.டி.எம். கார்டு நுழைந்தால், நிறுத்தி யோசியுங்கள். பாராபெட் சுவரும் தளமும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலில் வந்தது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஒரு மாடிக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு மூன்று மாடி ஏற்றிய வீடுகள் வேறு. கம்பெனிகள் வர வர, வாடகைக்காக மேலே மேலே ஏற்றுகிறார்கள். பிளானில் எத்தனை மாடி, நிற்பது எத்தனை மாடி என்று அறிக்கையில் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

பிறகு, இடம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த தண்ணீரில் சாலையில் நின்ற வேன்களும் கார்களும் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அதற்கு முன்பு அங்கே வீடு வாங்கியவர்களிடம் ‘தண்ணீர் எந்த வழியாகப் போகும்’ என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏரி, ஓடை, கால்வாய் எங்கே இருந்தது என்பது கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் இருக்கிறது. மாந்தோப்பைச் சமன் செய்து, பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி லேஅவுட் போட்ட இடங்களில், மண் இறங்கி மூலை விரிவதும் நடக்கிறது. தென்பெண்ணைக் கரையில், காவேரிப்பட்டணம் பக்கத்தில் வீடென்றால் அணை திறந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டும்.

குடிக்கும் தண்ணீர் கட்டடக் குறை இல்லைதான், ஆனால் இந்த இரண்டு மாவட்டத்தில் அதை விட்டுவிட்டு எழுதும் அறிக்கை அரைகுறை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, இல்லை போர் மட்டும்தானா என்று கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி மாதிரியைச் சோதிக்கலாம்.

எர்த்திங், செப்டிக் டேங்க், கதவு நிலையில் கரையான் ஆகியவற்றை எந்த ஊர் ஆய்வாளரும் பார்ப்பார். செப்டிக் டேங்குக்குக் கீழே தளம் போட்டிருக்கிறதா, வெறும் உறை இறக்கியிருக்கிறார்களா, பக்கத்துக் கிணறு எவ்வளவு தூரம் என்பதைக் கொஞ்சம் வற்புறுத்திக் கேளுங்கள்.

ஆய்வு என்று வந்து சுவரை உடைத்துவிடுவார்களா?

மாட்டார்கள். பெரும்பாலும் கண், கை, சுத்தியல், டார்ச் போதும். சந்தேகம் வந்தால் ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியால் கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்று பார்க்கலாம், கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அறியவும் கருவி உண்டு. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அஸ்திவாரத்தைத் தோண்டாமல் முழுதாகச் சொல்ல முடியாது. எதைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதாத அறிக்கையை நம்பாதீர்கள்.

செலவு யார் தலையில்?

முதலில் விற்பவர் கொடுக்கட்டும், கிரயத்தன்று வாங்குபவர் திருப்பித் தரட்டும். கான்பெரா மாதிரி. வீடு விலைபோகாவிட்டால் மட்டும் விற்பவருக்கு நஷ்டம்.

தொகையைப் பெரிதாக நினைக்க வேண்டாம். இப்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 30 லட்சம் ரூபாய் கிரயத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் அரசுக்குப் போகிறது. தரகர் கமிஷன் தனி. சாதாரண வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய பைக் வாங்கப் போனால்கூடத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம், டீ வாங்கிக் கொடுக்கிறோம். வீட்டுக்கு மட்டும் ஏன் மனசு வருவதில்லை என்று தெரியவில்லை.

இன்னொரு ஆபீஸ், இன்னொரு கையெழுத்து, இன்னொரு கவர். அதுதானே நடக்கும்?

நியாயமான பயம். எனக்கு வரும் கேள்விகளில் இதற்குத்தான் லேசாகப் பதில் சொல்ல முடியாது.

‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் அங்கே கவர் வரும். அதனால்தான் பாஸ், ஃபெயில் வேண்டாம் என்கிறேன். அறிக்கை எழுதுபவர் அரசு அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை, பதிவு பெற்ற பொறியாளர்களில் யாரையும் தேர்வு செய்யலாம். பதிவை நிறுத்தும் சக்தி அவருக்குக் கிடையாது. ஆனால் பொய் எழுதினால் அவருடைய பதிவு போகும், வாங்கியவருக்கு நஷ்ட ஈடும் தர வேண்டும். ஸ்காட்லாந்தில் அறிக்கைக்குக் காசு கொடுப்பது விற்பவர் என்றாலும், அதை நம்பி வாங்குகிறவருக்கும் ஆய்வாளர் பொறுப்பாளி. அந்த ஒரு விதி இல்லாமல் இந்தச் சட்டம் வந்தால், தரகர் பையில் கையெழுத்துப் போட்ட வெற்று அறிக்கைகள் கட்டாக இருக்கும். நான் அதை எதிர்ப்பேன்.

தேதியும் இடக்குறியீடும் உள்ள படங்கள், வீட்டை விலைக்குச் சொல்லும் முன்பே இணையத்தில் ஏற்றிய அறிக்கை எண், அவ்வப்போது வேறொரு பொறியாளரை வைத்து மறுசோதனை. இவற்றால் லஞ்சம் ஒழிந்துவிடாது. பேரம் பேசக் கொஞ்சம் சிரமமாகும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு மண் சுவர், நாட்டு ஓடு. தாத்தா கட்டியது. இனி விற்கவே முடியாதா?

தாராளமாக விற்கலாம். பழையது வேறு, தரமில்லாதது வேறு. அடியில் ஈரம் ஏறாமல், ஓடு மாற்றிக்கொண்டே வந்த மண் சுவர் வீடு இன்றைய மட்டமான கான்கிரீட் பெட்டியைவிட நன்றாக நிற்கும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் பலகைக்கல் பாவிய கூரை வீடுகளைப் பாருங்கள், கல்லுக்கு என்ன ஆகப்போகிறது, அதைத் தாங்கும் உத்திரத்தையும் சுவரையும்தான் கவனிக்க வேண்டும். மண் சுவருக்கு மேலே ‘ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று சிமெண்ட் பூசியிருந்தால்தான் எனக்குக் கவலை. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே மண் கரையும். ஆய்வாளர் ஒவ்வொரு கட்டு முறையையும் அதனதன் கணக்கில் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் கான்கிரீட் விதியால் அளக்கக் கூடாது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத்தான் வாங்குகிறேன் என்று வாங்குபவர் எழுதிக் கொடுத்தால் ஆய்விலிருந்து விலக்குக் கொடுத்துவிடலாம். பழைய தொகுப்பு வீடுகளில் விட்டம் பெயர்ந்து விழுவது ஊரறிந்த விஷயம். ஆனால் அவற்றில் பலவற்றின் பட்டாவில் நிபந்தனை இருக்கும், விற்கவே முடியுமா என்று முதலில் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, மகளுக்குத் தான செட்டில்மெண்ட்?

வேண்டாம். அங்கே விற்பனை இல்லை. குடும்பத்துக்குள் இருக்கிற சண்டை போதும்.

ஓசூரில் கம்பெனி வேலைக்காரர்கள் இருக்கும் லைன் வீடுகள்தான் படு மோசம். இந்தச் சட்டம் அதை என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. ஒரே அறையில் ஆறேழு பேர், பொதுக் கழிப்பறை, தகரக் கூரை, ஒரு மீட்டரில் பத்து வீட்டுக்கு வயர். அந்தக் கட்டடங்கள் விற்பனைக்கே வருவதில்லை, மாதாமாதம் காசு காய்க்கும் மரத்தை யார் விற்பார்? விற்பனையின்போது ஆய்வு என்றால் கைமாறும் வீட்டைத்தான் தொட முடியும். வாடகை வீட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம். கட்டடத்தின் பெரிய பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையிலேயே உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் உண்டு. லைன் வீட்டில் யாரிடம் அந்த ஒப்பந்தம் இருக்கிறது? வாடகைக்கு விடும் முன் ஆய்வு என்று தனியாகக் கேட்க வேண்டும். இதையும் அதையும் குழப்பிக்கொண்டு, விற்பனை ஆய்வு வந்தால் மோசமான வீடுகளே ஒழியும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நான் பில்டரிடம் புது வீடு வாங்குகிறேன். எனக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், இருக்கிறதே?

இருந்தால் நல்லது. ரெராவில் பதிந்த திட்டமென்றால், கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ ஐந்து வருடத்துக்குள் குறை வந்தால், தெரிவித்த 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலமாகவோ எட்டு வீடுகளுக்குள்ளாகவோ இருந்தால் பதிவு கட்டாயமில்லை. நம் பக்கத்தில் 1,200 சதுர அடி மனையில் ஒன்றோ இரண்டோ வீடு கட்டி விற்கிறவர்கள்தானே அதிகம். அவர்கள் அந்த வலையில் விழுவதில்லை. வீடு கட்டித் தருவதும் சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள். சாதாரணமாகத் தன் சொந்த வீட்டை விற்கும் மனிதர் மேல் அங்கே போக முடியாது. ரெராவும் பழைய வீட்டுக்குக் கிடையாது.

சட்டம் வரும்வரை நான் என்ன செய்வது?

தரகர் சொல்லும் ஆளை விட்டு, நீங்களாக ஒரு பொறியாளரைக் கூட்டிப் போங்கள். முடிந்தால் மழை நாளிலோ மழைக்கு மறுநாளோ. அவர் வருவதற்குள் நீங்களும் ஒரு நடை போய் மொட்டைமாடியைப் பாருங்கள், எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள், கீழ்வீட்டு விட்டத்தில் ஈரம் இறங்குகிறதா என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தால் பாதி அறிக்கை வாயாலேயே வந்துவிடும்.

பிறகு விற்பவரிடம் நாலு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: எந்த வருடம் கட்டியது, எங்கே ஒழுகியது, எப்போது என்ன ரிப்பேர் செய்தீர்கள், வெள்ளம் வந்ததா. வாட்ஸ்அப்பில் கேட்டு வாட்ஸ்அப்பில் பதில் வாங்கினாலும் சரி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன பிரிவு 55க்கு அது உதவும். பத்திரத்தில் அந்த ‘முழுத் திருப்தி’ வரியைப் படித்துப் பார்த்து, கட்டடத்தைப் பொறுத்தவரை எடுக்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்டும் போட்டாகிவிட்டது. இப்போது ஆய்வு செய்து என்ன பயன்?

இன்னும் கிரயம் ஆகவில்லையே. உடனே பாருங்கள். அக்ரிமெண்டில் ஆய்வு பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும், பெரிய குறை தெரிந்தால் செலவைக் கணக்குப் போட்டு விலையைக் குறைக்கப் பேசலாம். பெரும்பாலான விற்பவர்கள் கிரயத் தேதி நெருங்கும்போது இறங்கி வருவார்கள். அவர்கள் மறைத்தது பெரிது என்றால் வக்கீலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று சட்டம். உங்களுடையது இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் பெட்டியில் வைத்ததா, பதிந்ததா என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதை வைத்துத்தான் அவர் அடுத்த வழியைச் சொல்வார்.